சீரிஸில் எரிந்த 'விளக்குகள்'

சாம்பல் நிற உருண்டை, அதில் பளிச்சென்று இரண்டு புள்ளிகள். "சார், இது ஏலியன் ஊர் விளக்குதானே?" என்று கைப்பேசியை நீட்டினான் படிவம் நான்கு மாணவன். நான் சிரித்துவிட்டேன். அது தவறு. நீங்களும் உங்கள் பிள்ளையிடம் அப்படிச் சிரிக்காதீர்கள்.

படத்தில் இருப்பது சீரிஸ், சிறுகோள் பட்டையிலேயே மிகப் பெரியது. 2015 பிப்ரவரியில் நாசாவின் டான் விண்கலம் சுமார் 46,000 கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்தது. அதில் ஒரு பிக்சல் ஏறக்குறைய 4 கிலோமீட்டர்! ஒரு சிறு பட்டணமே அதற்குள் அடங்கிவிடும். மேலும், சீரிஸின் தரை தார்ச்சாலை போல் கருப்பு. விழும் ஒளியில் சுமார் 9 விழுக்காடே திரும்புகிறது. அந்தக் கருப்புக்கு ஏற்பப் படமெடுத்தால், வெளுத்த இடமெல்லாம் விளக்காகத்தான் தெரியும்.

ஆனாலும் மாணவனின் ஊகம் சோதிக்கக்கூடியது. விளக்கு என்றால் இரவிலும் எரிய வேண்டுமே? சீரிஸில் பொழுது சாயச் சாய அந்தப் புள்ளிகள் மங்கி மறைந்தன. பிறகு டான் 385 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கியது. பிக்சல் 35 மீட்டரானது. 92 கிலோமீட்டர் அகலமுள்ள ஒக்கேட்டர் பள்ளத்தில் தெரிந்தது உப்பு. பெரும்பகுதி சோடியம் கார்பனேட், அதாவது சலவைச் சோடா. அடியிலிருந்து கசிந்த உப்புநீர் வற்றி விட்டுச்சென்றது அது. ஏலியன் ஊரைவிட எனக்கு இதுதான் பெரிய வியப்பு.

இத்தகைய படம் உங்கள் வாட்ஸ்அப்புக்கு வந்தால் இரண்டு கேள்வி கேளுங்கள்: ஒரு பிக்சல் எத்தனை மீட்டர்? வெயில் எந்தப் பக்கம்? மாணவனிடமும் இதையே சொன்னேன். இப்போது 'பிரமிடு' என்று பரவும் அஹுனா மலைப் படத்தோடு வந்திருக்கிறான். பிக்சல் அளவை அவனே தேடி ஓரத்தில் எழுதியிருந்தான்.