புயலின் அளவும் மின்னணுவின் சீற்றமும்

ஞாயிற்றில் கொந்தளிப்பு நிகழ்ந்ததென்று செய்தி வந்தவுடனே, காந்தப் புயல் எத்துணைப் பெரிது என வினவுதல் பத்திரிகைகளின் வழக்கமாயிற்று. பெரும்புயலாயின் பெருங்கேடு, சிறுபுயலாயின் அச்சமில்லை என்பதே அவ்வினாவினுள் அடங்கிய கொள்கை. விண்கலங்களைப் பொறுத்தமட்டில் இக்கொள்கை பொருந்தாது என்பது எம் கருத்து.

புவியின் காந்தப் புலத்தில் அகப்பட்டுச் சுழலும் துகள்களின் வளையங்கள் உண்டென்பதை, 1958-இல் எக்ஸ்புளோரர் கலங்கள் ஏந்திச் சென்ற கருவிகளால் கண்டறிந்தவர் ஜேம்ஸ் வான் ஆலன் என்னும் அமெரிக்க அறிஞர். இவற்றைப் 'பட்டை' என எழுதுவாரும் உளர். இறுகக் கட்டிய கச்சைபோல் அசையாதது என்னும் எண்ணத்தை அச்சொல் தருதலின், யாம் 'வளையம்' என்றே கூறுவோம். அதுவும் முற்றப் பொருந்துவதன்று. புறவளையம் வீங்கும், சுருங்கும், சில வேளை ஏறக்குறைய வெறுமையாகவும் ஆகும்.

இம்மாற்றங்களை விளைப்பது ஞாயிற்றுக் காற்று. ஆயினும், பெருவிரைவுடைய மின்னணுக்களை அக்காற்றே கொணர்ந்து கொட்டுகின்றதென எண்ணற்க. காற்றின் அழுத்தம் மிகும்போது காந்த மண்டலம் பகற்புறத்தே ஒடுங்குகின்றது. விளிம்பிற் சுழலும் மின்னணுக்கள் வழி தவறி வெளியே ஓடிவிடுகின்றன. அதே பொழுதில் உள்ளே எழும் மின்காந்த அலைகள் சில மின்னணுக்களை வளிமண்டலத்தில் வீழ்த்துகின்றன. வேறு சிலவற்றை ஒளியின் விரைவுக்கு அண்மையில் உந்துகின்றன. (இவ்வலைகளை ஒலியாக மாற்றிக் கேட்பின் விடியற்காலைப் புள்ளொலி போன்றிருக்கும்!) வரவும் செலவும் ஒருங்கே நிகழ்தலின், எது மிகும் என்பதைப் புயலின் பருமை ஒன்றே கூறவியலாது. 1989 முதல் 2000 வரை நிகழ்ந்த 276 புயல்களை ஆராய்ந்தபோது, ஏறத்தாழப் பாதியில்தான் மின்னணுக்கள் பெருகின. ஐந்திலொரு பங்கில் குறைந்தன. எஞ்சியவற்றில் பெரிதும் மாற்றமில்லை.

கனடா நாடு இரண்டு படிப்பினைகளைத் தருகின்றது. 1989 மார்ச்சில் கியூபெக் மாநிலம் இருளில் ஆழ்ந்தது. அது பெரும்புயலின் செயல். மின்கம்பிகளுக்குப் புயலளவே தக்க அளவுகோல் என ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் 1994 சனவரியில் அந்நாட்டின் அனிக் என்னும் செய்திக்கலங்கள் இரண்டு நிலைகுலைந்தபோது பெரும்புயல் யாதுமில்லை. விரைந்த காற்று பல நாள் இடைவிடாது வீசியது. பெருகிய மின்னணுக்கள் கலங்களின் உட்பகுதியில் சிறிது சிறிதாகத் தங்கி, மின்னேற்றம் முதிர்ந்து, பொறியெனப் பாய்ந்து கருவிகளைக் கெடுத்தன. ஒரு கலம் சில மணி நேரத்தில் மீண்டது. மற்றொன்றை மீட்கப் பல திங்கள் ஆயின.

ஆகவே, ஒரு நாளைய உச்சத்தினும் பன்னாள் திரண்ட தொகையே விண்கலத்திற்கு மெய்யான இடர். இருபது லட்சம் எலெக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட ஆற்றலுடைய மின்னணுக்களை அமெரிக்காவின் கோஸ் கலங்கள் அளந்து வருகின்றன; அக்கணக்கு எவரும் காணுமாறு வெளியிடப்படுகின்றது. புயற்செய்திக்கு முழுப் பத்தி ஒதுக்குவார்க்கு, அதனருகே இத்தொகையை ஒரு வரியில் அச்சிட இடமா இல்லை?