கடலிற் கரைத்த பெருங்காயமா?

கடலிலே போட்டது காணாமற் போய்விடும் என்ற நம்பிக்கையிற் பிறந்தது ‘கடலிற் கரைத்த பெருங்காயம்’ என்னும் பழமொழி. பெருங்காயத்துக்கு அது பொருந்தலாம். ஈயத்துக்கும் செம்புக்கும் பாதரசத்துக்கும் பொருந்துமா? பொருந்தாது என்பதே விஞ்ஞானத்தின் தீர்ப்பு.

குறிகட்டுவானிற் படகேறி நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்லும் அடியார்கள் அந்தக் கடலை அறிவர். ஆழமற்ற கடல், சாதாளை படர்ந்த கடல். படகின் அடியிற் பூசிய செம்பு கலந்த வர்ணம் அதிலே சிறிது சிறிதாகக் கழல்கிறது. வலையின் ஈயக் குண்டு அறுந்து விழுகிறது. கரையில் எறிந்த பழைய பற்றரியின் கசிவை மழை அடித்துச் செல்கிறது. இவை எங்கே போகின்றன?

நீரிற் கரைந்த உலோகத்திற் பெரும்பகுதி நீரிலே நிலைத்து நில்லாது. மிதக்கும் களித்துகளிலும், இறந்த நுண்ணுயிர்களின் மிச்சத்திலும் அது ஒட்டிக்கொள்கிறது. உப்புநீரில் அத்துகள்கள் ஒன்றோடொன்று திரண்டு, கனத்து, கீழே இறங்குகின்றன. சாதாளை நீரோட்டத்தைத் தணிக்கும் இடத்திற் படிகின்றன. வாய்க்காலில் வேகங் குறைந்த இடத்தில் வண்டல் படிவதைக் கண்ட கமக்காரனுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? ஒட்சிசன் அற்ற அடிச்சேற்றில் உலோகம் கந்தகத்தோடு பிணைந்து அடங்கிக் கிடக்கும்.

கிடந்தாற் கிடக்கட்டுமே என்பீர்கள். கிடக்க விடுகிறார்களா? கடலடியை வாரும் இழுவைமடி அந்தச் சேற்றைக் கிளறுகிறது. ஒட்சிசன் பட்டதும் உலோகம் மீண்டும் விடுபடுகிறது. அடிமட்ட இழுவையை இலங்கை 2017ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் தடைசெய்தது. ஏட்டிலே சட்டம், கடலிலே இழுவை! அக்கரைப் படகாயினும் இக்கரைப் படகாயினும் தீங்கு ஒன்றே.

சேற்றைத் தின்று வாழ்வது கடலட்டை. அதனை வளர்க்கும் பண்ணைகள் வடகடலிற் பெருகிவிட்டன. சேற்றைச் சோதியாமற் பண்ணைக்கு இடங்குறிப்பது, கிணற்றைச் சோதியாமல் ஊருக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுப்பதற்கு ஒப்பாகும்.

யப்பானின் மினமாட்டாக் குடாவிலும் கடல் கரைத்துவிடும் என்றே இருந்தார்கள். 1932 முதல் 1968 வரை அங்கே தொழிற்சாலைக் கழிவு கொட்டப்பட்டது. பாதரசம் சேற்றிற் படிந்து, மீனில் ஏறி, மனிதரின் நரம்பைத் தின்றது. நோய் வெளிப்பட்டது 1956இல். சேற்றை அள்ளி அடைக்கும் வேலை 1977இல் தொடங்கி 1990 வரை நீடித்தது.

2021இற் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது நாடே பதைத்தது. புகையைக் கண்டாற் பதைப்போம். புகையின்றிப் படிவதைக் கண்டு பதைப்பவர் யார்?

தீவுக் கடல் நஞ்சாகிவிட்டது என்று பீதி கிளப்ப நாம் வரவில்லை. சோதியாமல் ‘நலமே’ என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை என்றே சொல்கிறோம். 2008இன் 35ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் கடல்சார் சூழல் பாதுகாப்பு அதிகாரசபை இருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நயினாதீவிலும் அனலைதீவிலும் நெடுந்தீவிலும் நீரை மட்டுமன்றிச் சேற்றையும் ஆண்டுதோறும் சோதியுங்கள். முடிவைத் தமிழிலே வெளியிடுங்கள். ஒவ்வொரு துறையிலும் பழைய பற்றரி சேர்க்க இடம் வையுங்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கடலிலே நிறைவேற்றுங்கள்.

படித்தோரே, இதனை எழுதிக் கேளுங்கள். கமக்காரரே, கடற்றொழிலாளரோடு சேர்ந்து நின்று கேளுங்கள். அவர்கள் பிடிக்கும் மீன் உங்கள் பிள்ளைகளின் சோற்றுக்கும் கறியல்லவா?