63 நிமிட இரைச்சல்

‘இதுக்குப் பேர் பாட்டா?’ என்று கேட்கிறவர்களோடு எனக்குச் சண்டை இருக்கிறது. ‘ஆகா, புகையின் வேதம்!’ என்று கண்ணை மூடிக்கொள்கிறவர்களோடு அதைவிடப் பெரிய சண்டை. ‘டோப்ஸ்மோக்கர்’ என்ற இசைத்தட்டைப் பற்றிப் பேச்செடுத்தாலே இந்த ரெண்டு கூட்டமும் வந்து நின்றுவிடும். வேலைவெட்டி இல்லாத அமெரிக்கப் பையன்கள் மூணு பேர் கஞ்சா அடிச்சிட்டுப் போட்ட கூச்சல் என்று முதல் கூட்டம் சொல்லும். ரெண்டாவது கூட்டமும் அதையேதான் சொல்லும், ஆனால் கும்பிட்டுக்கொண்டே சொல்லும். ரெண்டு பேருக்கும் தெரிவது புகை. அதில் போன உழைப்பு ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

முதலில் விவரம். கலிஃபோர்னியாவின் சான் ஹோசே ஊர்க் குழு ஸ்லீப். அல் சிஸ்னெரோஸ் பாஸ் கிதார் வாசித்துக்கொண்டே பாடுவார். மேட் பைக் கிதார். கிறிஸ் ஹாக்கியஸ் டிரம்ஸ். இவர்கள் வாசித்த வகைக்கு ஸ்டோனர் மெட்டல் என்று பெயர். கஞ்சா மயக்கத்தைப் பெயரிலேயே தூக்கி வைத்திருக்கும் வகை. தந்தியைத் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கி, ‘ரிஃப்’ என்கிற சின்ன இசைத்துண்டை மெதுவாகத் திரும்பத் திரும்ப அடிப்பது. 1996-ல் லண்டன் ரெக்கார்ட்ஸ் கம்பெனிக்காக இவர்கள் பதிவு செய்த தட்டில் இருந்தது ஒரே பாட்டு. 63 நிமிஷம். இதை வைத்து வியாபாரம் பண்ணமுடியாது என்றது கம்பெனி. 52 நிமிஷமாகச் சுருக்கின வடிவமும் அதுக்கு ஆகவில்லை. தட்டு முடங்கிப்போச்சு, குழுவும் உடைஞ்சுபோச்சு. சுருக்கினது 1999-ல் ‘ஜெரூசலம்’ என்ற பெயரில் வந்தது. அதையும் ஆறு துண்டாகப் பிரித்து, ஆறுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள். முழுப் பாட்டு டீ பீ ரெக்கார்ட்ஸ் என்ற சின்னக் கம்பெனி மூலமாக 2003-ல்தான் வெளியே வந்தது.

பாட்டுன்னா மூணு நிமிஷம்னு எவன் விதித்தான்? பழைய 78 சுற்றுத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ அவ்வளவுதான் பிடிக்கும். கொள்ளளவு சட்டமாயிற்று, சட்டம் ரசனையாயிற்று, ரசனை இப்போது கலைஞனின் கழுத்தில் கத்தரி வைக்கிறது. இந்தப் பையன்களுக்கும் ஒரு கொள்ளளவு இருந்தது. ஒலிநாடாச் சுருள் ஒன்றில் 22 நிமிஷம்தான் ஓடும். ஆகவே பாட்டை மூணு பகுதியாகப் பதிவு செய்து, விட்ட இடத்தில் அதே வேகம், அதே கனம் குறையாமல் பிடித்து ஒட்டவேண்டியிருந்தது. எழுத்தில் இல்லாத ஒரு மணி நேரம் மொத்தமும் மனப்பாடம். போதையில் கிடந்தவன் செய்கிற காரியமா இது? ஒப்பாரியோ தெருக்கூத்தோ விடிய விடிய நடத்தினவர்களைக் கேளுங்கள், ஒரு மணி நேரம் தளராமல் நிற்க உடம்பு என்ன கேட்கும் என்று சொல்வார்கள்.

இனி, அந்தக் கனம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கணும். இங்கேதான் ரெண்டு கூட்டமும் வாயைத் திறப்பதில்லை. ஸ்லீப் எடுத்துக்கொண்டது பிளாக் சப்பாத்திடமிருந்து. பிளாக் சப்பாத் இங்கிலாந்தின் பர்மிங்காமில், ஆலைத் தொழிலாளிகளின் ஆஸ்டன் பகுதியில் பிறந்த குழு. அதன் கிதார்க்காரர் டோனி ஐயோமிக்கு 17 வயதிருக்கும்போது தகட்டு ஆலையில் வேலை. கடைசி நாள். மறுநாளிலிருந்து இசைதான் பிழைப்பு என்று முடிவு செய்திருந்த அன்றைக்கு, பழக்கமில்லாத எந்திரத்தில் நிறுத்தினார்கள். வலது கையில் ரெண்டு விரல்நுனி போச்சு. அவர் இடது கைப் பழக்கக்காரர். தந்தியை அழுத்துகிற கை அந்த வலது கைதான். இனி வாசிக்கமுடியாது என்று வைத்தியர்கள் சொல்லிவிட்டார்கள். ஆலையில் அவருக்கு மேலே இருந்தவர் ஒரு தட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்த கிதார். 1928-ல் வண்டிவீடு தீப்பிடித்து எரிந்ததில் இடது கையில் ரெண்டு விரல் முடங்கிப்போய், மிச்ச விரல்களால் ஐரோப்பிய ஜாஸையே மாற்றினவர். ரோமா இனத்தவர். அந்த மக்கள் இந்தியாவிலிருந்து போனவர்கள் என்பதை அவர்கள் மொழியே சொல்கிறது. ஐரோப்பா அவர்களை நூற்றாண்டுக் கணக்கில் ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தது. நாஜிகள் லட்சக்கணக்கில் கொன்றார்கள். அப்படிப்பட்ட ஒருத்தரின் கையைக் கேட்டுத்தான் பர்மிங்காம் தொழிலாளி மறுபடி கிதாரை எடுத்தார். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு மூடி செய்தார், மேலே தோல் ஒட்டினார், மெல்லிசான தந்திகளைக் கட்டினார். பிறகு தந்தியைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். காயம்பட்ட விரலுக்கு அது இதம். 1971-ல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ தட்டில் அந்த இறக்கத்தைக் கேட்கலாம். ஸ்டோனர் மெட்டல்காரன் ஒவ்வொருத்தனும் இன்றைக்கு அதைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறான். ஆலை தின்ற விரலிலிருந்து வந்த கனத்தைக் கஞ்சாவின் கணக்கில் எழுதுவது என்ன நியாயம்?

அதுக்கும் கீழே இன்னொரு கணக்கு இருக்கிறது. பிளாக் சப்பாத் புளூஸ் குழுவாகத்தான் தொடங்கியது. புளூஸ் மிசிசிப்பியின் பருத்திக்காட்டுக் கறுப்பின மக்களின் சொத்து. மடி வாட்டர்ஸ் 1943-ல் தோட்டத்தைவிட்டுச் சிகாகோ வந்து, குடிக்கிற இடத்துச் சத்தத்துக்கு மேலே கேட்கவேண்டுமே என்று மின்கிதாரைப் பிடித்தார். அங்கிருந்து எடுத்துக்கொண்ட வெள்ளைக் குழுக்கள் கோடீசுவரர்கள் ஆனார்கள். வில்லி டிக்சன் தன் பாட்டுக்காக லெட் செப்பலின் மேல் 1985-ல் வழக்குப் போட்டுத்தான் பங்கு வாங்கமுடிந்தது, 1987-ல் சமரசம். ‘டோப்ஸ்மோக்கர்’ இந்தக் கடனைப் பற்றி வாயே திறக்காது. புனித பூமியை நோக்கிப் பாலைவனத்தில் போகும் கஞ்சா பக்தர் கூட்டத்தைப் பற்றிப் பாடும், நாசரேத் என்னும். விவிலியத்தை இப்படித் திருப்பிப் போட்டதை எதிர்க் கலாச்சாரம் என்று கொண்டாடுகிறார்கள். எனக்கு அது வெறும் விளையாட்டாகத்தான் படுகிறது. வரிகளை விட்டுவிட்டுத்தான் நான் இந்தத் தட்டைக் கேட்கிறேன்.

கம்பெனி கொடுத்த முன்பணத்தைக் கஞ்சாவில் ஊதினார்கள் என்று ஒரு கதை உண்டு. ரசிகர்கள் சிரித்துச் சிரித்துச் சொல்வார்கள். அந்த 1996-ல்தான் கலிஃபோர்னியாவில் மருந்துக்காகக் கஞ்சா வைத்துக்கொள்ளலாம் என்று வாக்கெடுப்பில் முடிவானது. ஆனால் 2010 கணக்கை எடுத்து அமெரிக்கன் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் 2013-ல் போட்ட அறிக்கையைப் பாருங்கள். புகைப்பதில் ரெண்டு இனத்துக்கும் பெரிய வித்தியாசமில்லை. கஞ்சா வைத்திருந்ததற்காகக் கைதாகும் வாய்ப்பு மட்டும் கறுப்பர்களுக்கு 3.73 மடங்கு. ஒருத்தன் பொட்டலம் புராணமாகுது, இன்னொருத்தன் பொட்டலம் போலீஸ் கோப்பாகுது. புகையின் வேதம் ஓதுகிறவர்கள் இதையும் சேர்த்து ஓதட்டும்.

உடனே ஒரு தோழர், ‘அப்போ இது நம்ம பறை மாதிரிதானே? அதையும் இரைச்சல்னுதானே சொன்னான்?’ என்று கிளம்புவார். இல்லைங்க. ஸ்லீப்பின் தட்டை விற்கத்தான் மறுத்தார்கள், வாசித்தவனை யாரும் தெருவுக்குள் விடாமல் நிறுத்தவில்லை. இழவுக்கு வந்து அடின்னு எவனும் கட்டளை போடவில்லை. ரெண்டையும் ஒரே தராசில் வைத்தால் தள்ளுபடியாவது நம்ம வலிதான். ஒரு தட்டை மதிக்க, அதுக்கு நம்ம காயத்தைக் கடன் கொடுக்கணும்னு அவசியம் இல்லை.

விற்காது என்று ஒதுக்கின தட்டு 2012-லும் 2022-லும் மறுபடி அச்சேறியது. பைக்கின் இன்னொரு குழுவான ஹை ஆன் ஃபயருக்கு 2019-ல் கிராமி விருதும் வந்தது. சிஸ்னெரோஸுக்கு ஓம் என்ற குழு வழியாகப் பேர். ஹாக்கியஸ் 2008 வரை அந்த ஓமில் இருந்தார். 2018-ல் ஸ்லீப் ‘தி சயின்சஸ்’ வெளியிட்டபோது டிரம்ஸில் உட்கார்ந்திருந்தவர் வேறொருத்தர். மூணு பேரில் குறைவாகப் பேசப்படுகிறவர் ஹாக்கியஸ்தான். கேட்கப்போகிறவர்கள் அவருக்காகக் கேளுங்கள். குரல் எட்டு நிமிஷத்துக்கு மேல்தான் வரும், அதைத் தேடாதீர்கள். கிதார் தனியாக இழுத்துக்கொண்டே போய், டிரம்ஸ் வந்து விழுகிற அந்த இடத்திலிருந்து அவர் கையை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரு மணி நேரம் கழிச்சும் அந்தக் கை அதே இடத்தில் அடிச்சுக்கிட்டிருக்கும்.