துப்பாக்கி கொடுத்தால் மட்டும் போதுமா?

கம்பம் பள்ளத்தாக்கில் காட்டுப்பன்றி என்று பேச்செடுத்தாலே போதும், டீக்கடையில் தீர்ப்பு தயாராக இருக்கும். "விவசாயி கையில ஒரு ரைபிளைக் குடுங்க, ஒரே வாரத்துல பிரச்சினை முடிஞ்சிரும்!" உடனே மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் குமுளியைக் காட்டுவார்கள். பயிரை அழிக்கும் பன்றிகளைச் சுட உத்தரவிடும் அதிகாரத்தை 2022-ல் கேரள அரசு உள்ளாட்சித் தலைவர்களுக்கே கொடுத்தது. தமிழ்நாட்டிலோ 2025 ஜனவரி அறிவிப்பின்படி காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே சுடலாம். அதையும் வனத்துறையினர்தான் செய்ய வேண்டும்.

ஒரே இரவில் வாழைத் தோட்டத்தை இழந்தவரின் கோபம் நியாயமானது. ஆனால் அந்த டீக்கடைத் தீர்ப்பில் ஒரு பொய் ஒளிந்திருக்கிறது. விசையை இழுக்கத் தெரிந்தால் சுடத் தெரிந்துவிடும் என்ற பொய்!

கணக்குப் பதிவியலில் ஒவ்வொரு பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. நியூட்டனின் மூன்றாம் விதியும் கிட்டத்தட்ட அதுதான். 15 கிராம் குண்டு விநாடிக்கு 600 மீட்டர் வேகத்தில் முன்னே பாய்ந்தால், 4 கிலோ ரைபிள் விநாடிக்கு 2 மீட்டருக்கும் அதிகமான வேகத்தில் பின்னே உதைக்கும். அந்த ரைபிளின் மேல் ஸ்கோப் இருக்கிறது. அதன் பின்விளிம்புக்கும் கண்ணுக்கும் நடுவே சாதாரணமாக 8 முதல் 10 சென்டிமீட்டர் இடைவெளிதான். அடிக்கட்டையைத் தோளில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் அதைக் கடக்க விநாடியில் 20-ல் ஒரு பங்கே போதும். இமை மூடி முடிவதற்குள் புருவம் பிறை வடிவில் கிழிந்திருக்கும். மூக்குத்தண்டிலும் அடி விழலாம், மூக்குக்கண்ணாடி உடைந்தால் கண்ணுக்கே ஆபத்து.

இதற்கு "ஸ்கோப் ஐ" என்று பெயர் வைத்துச் சிரிக்கிறார்கள், கற்றுக்குட்டியின் முத்திரையாம்! கற்றுக்கொடுக்காதவரை விட்டுவிட்டு அடிபட்டவரைப் பார்த்துச் சிரிப்பது என்ன நியாயம்?

"எங்க தாத்தா சுடாத பன்றியா?" என்பார்கள். தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கியில் குறிமுள் குழலின் மேல் இருந்தது, கண்ணுக்கு அருகில் எதுவும் இல்லை. கல்லூரி என்.சி.சி.யில் .22 ரைபிள் சுட்ட அனுபவமும் இங்கே உதவாது, அதன் உதை தோளுக்கே சரியாகத் தெரியாது. மேலும் இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பக்கம் மேகமலை, மறுபக்கம் ஏலமலை. அடிவாரத்தில் நின்று சரிவில் மேல்நோக்கிக் குறிபார்க்கும்போது அடிக்கட்டை தோளில் கீழே நழுவும், கண் ஸ்கோப்பை நெருங்கும். படுத்துக்கொண்டு சுட்டாலும் கழுத்து தானாக முன்னே நீளும். சமதளத்தில் சரியாக இருந்த இடைவெளி மலையில் காணாமல் போகும்.

தவிர்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. குண்டு இல்லாத ரைபிளை, கண்ணை மூடிக்கொண்டு தோளில் பொருத்த வேண்டும். பிறகு கண்ணைத் திறந்தால் முழு வட்டம் தெரிய வேண்டும். ஓரத்தில் கறுப்பு நிழல் விழுந்தால் தலையை நகர்த்தக் கூடாது, ஸ்கோப்பைத்தான் நகர்த்திப் பூட்ட வேண்டும். நிற்பது, படுப்பது, மேல்நோக்குவது என ஒவ்வொரு நிலையிலும் இதைச் செய்ய வேண்டும். அதுவும் உருப்பெருக்கத்தை உச்சத்தில் வைத்து, ஏனெனில் பல ஸ்கோப்புகளில் அப்போதுதான் இடைவெளி மிகக் குறைவு. பின்விளிம்பில் ரப்பர் வளையம் மாட்டிவிட்டால் போதும் என்பது ஏமாற்று.

புருவத்தில் நாலு தையல்தானே என்று கேட்பவர்கள் ஒன்றை யோசித்துப் பாருங்கள். ஒருமுறை அடிபட்டவர் அடுத்த முறை விசையை இழுக்கும் முன்பே பயத்தில் கண்ணை மூடுவார், உடலைக் குலுக்குவார். அந்தக் குண்டு எங்கே போகும்? பன்றியைக் காயப்படுத்தி வெறிகொள்ள வைக்கலாம். பக்கத்துத் தோட்டத்தில் இரவுக் காவலுக்குப் படுத்திருப்பவர் மீதும் பாயலாம்!

உரிமம் கேட்பவருக்குப் பாதுகாப்புப் பயிற்சி வேண்டும் என்று 2016 ஆயுத விதிகள் சொல்கின்றன. ஆனால் சான்றிதழ் காகிதம் புருவத்தைக் காப்பாற்றாது. சுடப்போவது வனக்காவலரோ விவசாயியோ, அதே ரைபிளில், அதே ஸ்கோப்பில், அதே மாதிரிச் சரிவில் அவரைச் சுடவைத்துப் பழக்க வேண்டும். அந்தச் செலவுக்குத் தயாரில்லாதவர்கள் "துப்பாக்கி கொடு" என்று கோஷம் போடுவதையாவது நிறுத்தட்டும்.