அது வாயு இல்லை

பதிவு கொஞ்சம் நீளம். பாதி வகுப்பில் எழுந்து போனால் எனக்குப் பிடிக்காது என்பது உங்களுக்கே தெரியும். கடைசி வரை படியுங்கள்.

போன வாரம் என் அக்காவுக்குத் திதி. ஐந்து வருடம் ஓடிவிட்டது. அன்று தாடை வலிக்கிறது, முதுகு கனக்கிறது, மூச்சு வாங்குகிறது என்றாள். போன இடத்தில் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். இசிஜி எடுக்கவில்லை. மறுநாள் காலை அவள் எழுந்திருக்கவில்லை.

அந்த டாக்டரை மட்டும் திட்டி என்ன பயன்? அவர் படித்த பாடம் யாரை வைத்து எழுதப்பட்டது? மாரடைப்பைத் தடுக்க ஆஸ்பிரின் உதவுமா என்று 1980-களில் அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வில் சுமார் 22,000 டாக்டர்கள் சேர்ந்தார்கள். அத்தனை பேரும் ஆண்கள்! அரசுப் பணத்தில் நடக்கும் மருத்துவ ஆய்வில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது 1993-இல்தான். சோல்பிடெம் என்ற தூக்க மாத்திரை 1992-இல் அங்கே அனுமதி பெற்றது. பெண்களுக்கு அளவைப் பாதியாகக் குறைக்கச் சொன்னது 2013-இல். கணக்குப் போட்டுப் பாருங்கள், 20 வருடத்துக்கும் மேல்.

“இதயம் எல்லாருக்கும் ஒன்றுதானே டீச்சர்?” என்பீர்கள். கர்ப்பம் எல்லாருக்கும் உண்டா? கர்ப்பத்தில் பிபி ஏறிய பெண்ணுக்குப் பல வருடம் கழித்து மாரடைப்பும் பக்கவாதமும் வரும் ஆபத்து அதிகம். அக்காவுக்கு முதல் பிரசவத்தில் பிபி ஏறி, கால் வீங்கிக் கிடந்தாள். குழந்தை பிறந்ததும் எல்லாரும் அதை மறந்துவிட்டோம். பிரசவ டாக்டர் ஒரு அறை, இதய டாக்டர் ஒரு அறை, நரம்பு டாக்டர் இன்னொரு அறை. ஆனால் மூன்று அறைக்கும் போவது ஒரே பெண், ஒரே ரத்தக்குழாய். ஆராய்ச்சியும் அப்படிப் பிரிந்து கிடந்தால் எப்படி விடை கிடைக்கும்?

நம் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளுக்கு பிக்மி எண் இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் வீடு தேடி வந்து பிபி, சுகர் பார்க்கிறது. அந்தப் பதிவையும் இந்தப் பதிவையும், பெண்களின் சம்மதத்தோடு, பெயர் வெளியே வராமல் சேர்த்து இருபது வருடம் தொடர்ந்து பார்த்தால் உலகத்துக்கே பாடம் சொல்லலாம். அதற்கு மூன்று அறை டாக்டர்களும் புள்ளியியல் படித்தவர்களும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். பணமும் வேண்டும். நம் நாடு சம்பாதிக்கும் 100 ரூபாயில் எல்லா ஆராய்ச்சிக்கும் சேர்த்து 70 காசுகூடப் போவதில்லை.

கம்பெனிகளில் பெரிய பதவியில் இருக்கும் பிள்ளைகளே, மகளிர் தினத்துக்கு பேனர் கட்டி ஒரு நாள் முகாம் நடத்துகிறீர்கள். நல்லதுதான். ஆனால் ஒரு நாள் பிபி பார்ப்பது வருகைப்பதிவு மட்டுமே, பாடம் ஆகாது. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பணிக்கு ஒதுக்க வேண்டும் என்பது சட்டம். அரசு ஆராய்ச்சி நிறுவனங்களுக்கும் அதைக் கொடுக்கலாம். அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். டாக்டரான பிள்ளைகளே, பக்கத்து அறைக் கதவைத் தட்டுங்கள்.

பெண்பிள்ளைகளே, கர்ப்பத்தில் பிபியோ சுகரோ இருந்திருந்தால் ஐம்பது வயதிலும் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள். வாயு என்றால், “இசிஜி எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்” என்று கேளுங்கள்.

அக்காவுக்காக நான் அன்று கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்