ஒரு வாரம் மெத்துனு இருக்கிற பிரெட்டா, மறுநாளே காயுற பிரெட்டா... எதை வாங்கலாம்?

சூப்பர்மார்க்கெட் பிரெட் ஒரு வாரம் ஆனாலும் மெத்துனு இருக்கு. தெருமுனை பேக்கரி பிரெட் ரெண்டாவது நாளே காய்ஞ்சு போகுது. அப்போ எது தரமானது?

பாக்கெட் பிரெட்டில் பூஞ்சை வராமல் தடுக்க கால்சியம் புரோபியோனேட் சேர்ப்பார்கள். கவரில் '282' என்ற எண் இருந்தால் அதுதான். மென்மை குறையாமல் இருக்க எமல்சிஃபயர். இரண்டுமே அனுமதிக்கப்பட்டவை, பயப்பட வேண்டாம். ஆனால் மெத்துனு இருப்பதாலேயே அது ஃப்ரெஷ் ஆகிவிடாது.

'பிரவுன் பிரெட்' வாங்குறவங்க கவனிங்க. பழுப்பு நிறம் கேரமல் கலரிலிருந்தும் வரலாம். லேபிளில் எது அதிக எடையோ அதுதான் முதலில் இருக்கும். முதல் பெயர் மைதா என்றால், அது மைதா பிரெட்தான்.

அதுக்காக லோக்கல் பேக்கரி என்றாலே நல்லது என்றும் சொல்ல முடியாது. மாவு நன்றாக உப்புவதற்காகச் சேர்க்கப்பட்ட பொட்டாசியம் புரோமேட்டை, புற்றுநோய் அச்சத்தால் 2016-ல் இந்தியா தடை செய்தது. தடை எல்லோருக்கும் பொதுதான். ஆனால் பல சின்ன பேக்கரிகளில் என்ன சேர்த்தாங்கன்னு பார்க்க லேபிளே இருக்காது.

இருந்தும் என் ஓட்டு பேக்கரிக்குத்தான். அங்கே கேட்டால் பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கார். "அண்ணே, இன்னைக்குப் போட்டதா? மைதா எவ்வளவு, கோதுமை எவ்வளவு?" தயங்காம பதில் சொல்ற கடையில் தொடர்ந்து வாங்குங்க. மழுப்பினால் அடுத்த கடைக்குப் போங்க.

வாங்கினதை ரெண்டு நாளில் முடிச்சிடுங்க. மிச்சம் இருந்தால் ஃப்ரிட்ஜில் வேண்டாம், சீக்கிரம் விறைச்சிடும். ஃப்ரீசரில் வைங்க.