நாவின் கசப்பும் குடும்பக் கணக்கும்



பத்தாம் வகுப்புக்கு வந்தாலும் வந்தோம், எங்களைக் காண்போர் யாவரும் கேட்பது ஒரே கேள்விதான்: "உயிரியல் எடுக்கப் போகிறீர்களா, கணிப்பொறியா?" டாக்டராக அது, வேலைக்குப் போக இது என்று பெரியவர்கள் நடுவே வரப்புக் கட்டிவிட்டார்கள். இந்த வரப்பு வீண் என்பது எங்கள் கருத்து.

1931-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆர்தர் ஃபாக்ஸ் என்னும் வேதியியலாரின் ஆய்வுக்கூடத்தில் பி.டி.சி. என்ற பொடி காற்றில் பறந்தது. உடனிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்று முகம் சுளித்தாராம். ஃபாக்ஸின் நாவுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை! இந்த வேறுபாடு பெற்றோர் வழி வருவதென்று பின்னர் தெளிந்தது. அதற்குரிய முக்கியமான மரபணுவை 2003-இல் கண்டறிந்தார்கள். முட்டைக்கோசு கசக்கிறது என்னும் தோழியைக் கேலி செய்வோர் இனிச் சற்று யோசிக்கவும்.

நாவுக்கு உள்ள பரம்பரை நோய்க்கும் உண்டா? மேரி கிளேர் கிங் என்ற பெண்மணி கேட்ட கேள்வி இதுவே. இவர் கல்லூரியில் படித்தது கணிதம். மார்பகப் புற்றுநோய் சில குடும்பங்களில் மரபு வழியே வரக்கூடும் என்பதைப் பலர் ஏற்காத காலத்தில், பல்லாண்டுகள் குடும்பம் குடும்பமாக விவரம் திரட்டினார். 1990-இல் 23 குடும்பங்களில் 146 நோயாளிகளின் கணக்கை வைத்து, குறைபாடு 17-ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று காட்டினார். 1994-இல் பி.ஆர்.சி.ஏ.1 என்னும் அந்த மரபணுவே கைக்குக் கிட்டியது. எங்கே தற்செயல், எங்கே பரம்பரை என்று பிரித்துச் சொன்னது கணக்குத்தான். இன்றோ மனிதனின் மரபுச் செய்தியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். கணிப்பொறி இல்லாமல் யார் படிப்பது?

இதில் இரண்டு செய்திகள் எங்களைத் திடுக்கிட வைத்தன. ஒன்று, இம்மரபணுக் குறை தந்தை வழியிலும் மகளுக்கு வரும். மற்றொன்று, மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான் பரம்பரை. "எங்கள் வீட்டில் யாருக்கும் இல்லை" என்று சொல்லி யாரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கட்டுமாவடியில் விடிவதற்கு முன்னே மீன் ஏலம் தொடங்கிவிடும். அங்கே கூடை சுமக்கும் ஓர் அத்தை, மார்பில் கட்டி தோன்றியதை ஓராண்டு வரை மாராப்பால் மறைத்துக்கொண்டே வியாபாரம் செய்தார். வலி இல்லையாம், வெளியே தெரிந்தால் இரண்டு பெண்களைக் கட்டிக்கொடுப்பது எப்படி என்ற அச்சமாம். தஞ்சாவூருக்குப் போனபோது நோய் முற்றியிருந்தது. அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. பெண் கேட்டு வருவோர், தாயின் நோயைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போகும் ஊர்தானே நம் ஊர்? முப்பது வயது கடந்த பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் சோதனை உண்டு என்பதும் அவருக்குத் தெரியாது. அறிவியல் அமெரிக்காவில் வளர்ந்து என்ன பயன், நம் கடற்கரைக்கு வந்து சேராவிட்டால்?

புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. எதிர்ப்புக்கிடையே மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார், 1912-இல் மருத்துவரானார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரமே, 1954-இல் அவரை அடையாற்றில் 12 படுக்கைகளுடன் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கவைத்தது. அங்கே 1955-இல் சேர்ந்த டாக்டர் சாந்தா, 2021-இல் மறையும் வரை அதையே வீடாகக் கொண்டார். நம் மாவட்டத்துப் பெண் நட்ட மரம் அது!

மரபியல் பாடம் நடந்தபோது நாங்கள் சிலர் எங்கள் குடும்பங்களின் வம்ச அட்டவணை வரைந்தோம். பாட்டிமாரிடம், யார் எதனால் இறந்தார் என்று கேட்டோம். ஆண்களைப் பற்றிக் கேட்டால் கடல், காய்ச்சல், மாரடைப்பு என்று பதில் உடனே வந்தது. பெண்களைப் பற்றிக் கேட்டால் மூன்று வீடுகளில் "ஏதோ கட்டி, அதை ஏன் கேட்கிறாய்?" என்றார்கள். அந்த மூன்று கட்டங்களும் இன்னும் காலியாகவே இருக்கின்றன. விடுமுறையில் மறுபடியும் கேட்கப் போகிறோம்.